பெயிண்ட் அடிப்பதற்கு முன் கூப்பிட்டிருக்கலாம்: ஹாட் லேபைக் காலி செய்யும்போது நடக்கும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் தி.நகர்ப் பக்கம் ஒரு கட்டட உரிமையாளர் போன் செய்தார். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த ஸ்கேன் சென்டர் காலி செய்துவிட்டதாம். நோயாளிக்குக் கொடுக்கும் கதிரியக்க மருந்தை வைத்துத் தயார் செய்யும் அறை, அதாவது ஹாட் லேப், அங்கே இருந்தது. அந்த இடத்தைக் குழந்தைகள் காப்பகத்துக்கு விட ஆள் பேசியாகிவிட்டது. "ரேடியேஷன் எதுவும் இல்லைன்னு ஒரு லெட்டர் மட்டும் கொடுத்துடுங்க சார்" என்றார். போய்ப் பார்த்தால் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. பழைய மொசைக் தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். இடம் பளிச்சென்று இருந்தது. எனக்குத்தான் தலை சுற்றியது.

நான் பார்க்கிற தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். கதிரியக்கப் பொருள் வைத்திருந்த அறையை அளப்பதற்கு முன் அழகுபடுத்துவது. சுவரிலோ தரையிலோ சிந்திய துளி ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் துடைத்து எடுக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் வைப் டெஸ்ட். வழக்கமாக 100 சதுர சென்டிமீட்டர் இடத்தை ஒரு வடிதாளால் துடைத்து, அந்தத் தாளைத் தனியாக எண்ணிப் பார்ப்போம். மேலே பெயிண்ட் பூசிவிட்டால் தாளில் வருவது பெயிண்ட் தூசி மட்டும்தான். ஆல்ஃபா கதிரை ஒரு பூச்சே நிறுத்திவிடும். ஒரு சென்டிமீட்டர் டைல்ஸ், பீட்டா கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அழுக்கு போகவில்லை, மீட்டருக்குத் தெரியாமல் மூடிவிட்டோம், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் கடைசியில் ஐந்தாறு இடங்களில் புது டைல்ஸை உடைத்துத்தான் அளக்க வேண்டியிருந்தது. உரிமையாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தரையில் எதுவும் இல்லை. ஆனால் சென்டர்காரர்கள் விட்டுப்போன இரும்பு மேசையின் டிராயரில், ரப்பர் பேண்டுக்கும் பேனா மூடிக்கும் நடுவில், பட்டன் அளவுக்கு ஒரு சீசியம்-137 வில்லை கிடந்தது. மீட்டர் வேலை செய்கிறதா என்று தினமும் சரிபார்க்க வைத்திருந்தது. சின்ன அளவுதான், யாருக்கும் கை வெந்துவிடாது. ஆனால் சீசியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 வருடம். காப்பகத்தில் சேரும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் வயதிலும் அதில் பாதி மிச்சம் இருக்கும்.

ஆகவே அளப்பதற்கும் முன்னால், எண்ணுங்கள். பதிவேட்டில் எத்தனை சோர்ஸ் (கதிரியக்கப் பொருள் உள்ள வில்லை, தகடு, குப்பி) இருக்கிறதோ அத்தனையும் கையில் இருக்க வேண்டும், அல்லது அனுப்பியதற்கு ரசீது இருக்க வேண்டும். ஹாட் லேப் என்றால் டெக்னீசியமும் அயோடினும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஸ்கேன் எடுக்கும் காமா கேமராவைச் சரிபார்க்கும் கோபால்ட்-57 தகடும், மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபரேட்டருக்கான சீசியக் குப்பியும் மறந்துபோகும். சீல் செய்த சோர்ஸ்கள் சப்ளையருக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கு. வேறு வழி கிடையாது.

எண்ணாமல் விட்டதன் விலையை உலகமே பார்த்திருக்கிறது. பிரேசிலின் கொய்யானியா நகரில் ஒரு சிகிச்சை நிலையம் 1985-ல் இடம் மாறியபோது சீசியம் இருந்த இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனது. 1987-ல் இரண்டு பேர் அதைக் கழற்றி இரும்புக்கடையில் போட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. நம் நாட்டிலேயே 2010-ல், டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பல வருடம் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் போய், மாயாபுரி இரும்புக்கடையில் ஒருவர் உயிரைப் பறித்தது. சென்னைக் காயலான் கடையில் ஈயத்துக்கு நல்ல விலை. காலியான ஈயக் குடுவை என்று நினைத்து எடைக்குப் போடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்து, வெளியேயும் உள்ளேயும் துடைத்து அளக்க வேண்டும். அப்புறம் அதன் மேல் இருக்கும் மூவிதழ் சின்னத்தை, அதாவது கதிரியக்க எச்சரிக்கைக் குறியை, சுரண்டி எடுத்த பிறகே வெளியே விட வேண்டும்.

அடுத்தது 'பத்து அரை ஆயுள்' கணக்கு. பத்து அரை ஆயுள் கழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தத் துறையில் பலர் நம்புகிறார்கள். பத்து முறை பாதியானால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும் என்பதுதான் உண்மை. அயோடின்-131-க்கு அரை ஆயுள் எட்டு நாள். 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருந்த இடத்தில் 80 நாள் கழித்து 0.1 மில்லிகியூரி இருக்கும். அதைப் 'பூஜ்யம்' என்று எழுத முடியாது. ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் மட்டும் புழங்கிய அறைக்கு மூன்று நாளில் இந்தக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் இப்போது புற்றுநோய்க்கான லுடீசியம்-177 சிகிச்சை பரவலாகிவிட்டது. அதன் அரை ஆயுள் ஏழு நாளுக்கும் குறைவு. சில தயாரிப்பு முறைகளில் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் லுடீசியம்-177எம்முக்கோ சுமார் 160 நாள். ஏழு நாள் கணக்கைப் போட்டுக் குப்பையை வெளியேற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

"மீட்டர் கத்தவே இல்லையே" என்பதும் அடிக்கடி கேட்கிற வசனம். எந்த மீட்டர்? அறையின் நடுவில் நின்றுகொண்டு டோஸ் அளவு காட்டும் கருவியை உயர்த்திப் பிடித்தால், தரையில் காய்ந்துபோன ஒரு துளி அதற்குத் தெரியாது. அதற்குத் தட்டையான முகப்புள்ள கன்டாமினேஷன் மானிட்டர் வேண்டும். தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்று ஆமை வேகத்தில் நகர்த்த வேண்டும். முதுகு வலிக்கும், வேறு வழியில்லை. தைராய்டு ஹார்மோன் பரிசோதனைக்கு அயோடின்-125 கிட் பயன்படுத்திய பழைய ஆய்வகமாக இருந்தால், அந்த மெலிந்த கதிரைப் பிடிக்க மெல்லிய சோடியம் அயோடைடு புரோப் தேவை. டிரிடியம், அதாவது கதிரியக்க ஹைட்ரஜன், இருந்த இடமா? கையில் பிடிக்கும் எந்த சாதாரண மீட்டரும் காட்டாது. துடைத்த தாளைத் திரவ சிண்டிலேஷன் கவுண்டரில்தான் போட வேண்டும்.

பின்னணி அளவு, அதாவது இயற்கையாகவே இருக்கும் கதிரின் அளவு, எடுப்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கிரானைட். மேடை, படி, வராண்டா எல்லாம் கிரானைட் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். அந்தக் கல்லிலேயே இயற்கையான யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் கொஞ்சம் இருக்கும். வெளியே தார் ரோட்டில் நின்று பின்னணி எடுத்துவிட்டு உள்ளே கிரானைட் மேடையை அளந்தால், கல் குற்றவாளியாகிவிடும். தலைகீழாகச் செய்தால் உண்மையான கறை தப்பித்துவிடும். அதே கட்டடத்தில், அதே கல் போட்ட, கதிரியக்கப் பொருள் ஒருநாளும் நுழையாத ஓர் அறையைத் தேடி அங்கே எடுங்கள். எடுத்ததை எண்ணாக எழுதுங்கள். 'பின்னணி அளவே' என்று கட்டம் முழுக்க எழுதி வரும் அறிக்கையைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும்.

சிங்க் குழாயின் வளைவு, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடின் கரி வடிகட்டி, அயோடின் சிகிச்சை வார்டு என்றால் கழிவுநீரைக் கதிர் குறையும்வரை தேக்கி வைக்கும் டிலே டேங்கின் அடிவண்டல். தரையைப் பளபளவென்று அளந்துவிட்டு இவற்றை விட்டுவிடுபவர்கள் அதிகம். கீழ்த்தளத்தில் டிசம்பர் மழைத் தண்ணீர் ஏறிய இடமென்றால் தரை முழுதாகக் காயும்வரை பொறுங்கள். ஈரம் மெல்லிய கதிரை மறைக்கும், கறையை டைல்ஸ் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டும் போகும்.

எக்ஸ்ரே அறைக்கும் சி.டி. அறைக்கும் இந்தப் பாடு எதுவும் வேண்டாம், அங்கே கரண்டை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். பயந்துகொண்டு சுவரைக் கொத்திப் போட்டவர்களும் இருக்கிறார்கள், பாவம்.

கடைசியாகக் காகித வேலை. பலர் முதலில் செய்வது, சம்பளம் மிச்சம் என்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரை, அதாவது ஆர்எஸ்ஓவை, அனுப்பிவிடுவது. அப்புறம் அளவீட்டு அறிக்கையில் யார் கையெழுத்துப் போடுவது? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா என்ற இணைய உரிமத் தளத்தில் யார் விண்ணப்பிப்பது? உரிமத்தை மூட வாரியம் ஒப்புதல் தரும்வரை ஆர்எஸ்ஓ இருக்க வேண்டும், பூட்டும் இருக்க வேண்டும், கதவில் மூவிதழ் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்.

தி.நகர் உரிமையாளருக்கு நான் லெட்டர் கொடுக்கவில்லை. கொடுக்கும் அதிகாரமும் எனக்கு இல்லை. சென்டர்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டு, வில்லையை அனுப்பவைத்து, ஒப்புதல் வரும்வரை அட்வான்ஸைப் பிடித்து வைக்கச் சொன்னேன். அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது.