எமுலேட்டரையும் அசல் கன்சோலையும் முறையாக ஒப்பிடுவது எப்படி: நின்டெண்டோ ஃபேமிகாமை வைத்து ஒரு செய்முறை

பழைய ஆட்டக் கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர் வழியாகக் கணினியில் பழைய ஆட்டத்தை ஆடிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் "அசலில் இருந்த உணர்வு இதில் இல்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உணர்வு வேகத்தில் மாறியதா, படத்தில் மாறியதா, பொத்தானை அழுத்தியபின் ஏற்படும் தாமதத்தில் மாறியதா, ஒலியில் மாறியதா என்று தனித்தனியாகப் பார்க்காதவரை அந்தக் கூற்றைச் சரிபார்க்க வழியில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அளப்போம்.

படி 1: எது அசல் என்று முடிவு செய்யுங்கள்

ஜப்பானில் 1983இல் வெளிவந்த ஆட்டக் கருவியான ஃபேமிகாமும், அமெரிக்காவில் 1985இல் வெளிவந்த அதன் வடிவமான என்.இ.எஸ். கருவியும், அந்நாடுகளின் ஒளிபரப்பு முறையான என்.டி.எஸ்.சி.யைச் சேர்ந்த தொலைக்காட்சிகளுக்காகச் செய்யப்பட்டவை, இவை நொடிக்கு ஏறக்குறைய 60.1 சட்டகங்களை (முழுப் படங்களை) வரைகின்றன. ஐரோப்பியக் கருவி அங்குள்ள பால் (PAL) ஒளிபரப்பு முறைப்படி 50 சட்டகங்களையே வரைகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் பால் முறையைச் சேர்ந்ததாகவே இருந்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் "டிவி கேம்" என்ற பெயரில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை நகல் கருவிகள். பால் நாடுகளுக்கென்று செய்யப்பட்ட நகல்கள் பலவும் 50 சட்டகங்களில்தான் ஓடின. உங்கள் நினைவில் இருப்பது அந்த வேகமானால், என்.டி.எஸ்.சி. அமைப்பில் ஓடும் எமுலேட்டர் தவறாக விரைவது போலத் தோன்றும். மெசன் எமுலேட்டரின் அமைப்புகளில் 'டெண்டி' என்றொரு தேர்வு உண்டு. ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் கருவியின் பெயர் அது. குழந்தைப் பருவ நினைவோடு ஒப்பிட விரும்புபவர்கள் அதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

படி 2: தொலைக்காட்சியையும் கருவியின் பகுதியாகக் கொள்ளுங்கள்

அசல் கன்சோலை இன்றைய தட்டைத் திரையில் இணைத்தால், அந்தத் திரை பழைய அனலாக் சமிக்ஞையை மாற்றி வரைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கன்சோலின் கணக்கில் சேர்ந்துவிடும். 'டக் ஹன்ட்' ஆட்டத்தின் துப்பாக்கி தட்டைத் திரையில் வேலை செய்வதே இல்லை; படக்குழாயில் ஒளி தோன்றும் கணத்தை நம்பியே அது செய்யப்பட்டது. எனவே பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். கணினியில் ஓட்டும் ஆட்டம் உங்களிடமுள்ள கேசட்டிலிருந்து எடுத்த, அதே பதிப்பாக இருக்கட்டும்.

படி 3: வேகத்தை அளவிடுங்கள்

'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தின் ஜப்பானிய அல்லது அமெரிக்கப் பதிப்பைத் தொடங்கி, முதல் கட்டத்தில் மாரியோவை நகர்த்தாமல் நிற்க விடுங்கள். மேலே குறையும் நேர எண், 24 சட்டகங்களுக்கு ஒருமுறை ஒன்று குறைகிறது. அது 390இலிருந்து 290க்கு வரும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தால், 60.1 சட்டகக் கருவியில் சற்றேறக்குறைய 40 நொடிகளும், அதே பதிப்பு 50 சட்டகக் கருவியில் ஓடினால் 48 நொடிகளும் வர வேண்டும்.

கணினித் திரை சரியாக 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) ஓடும்போது ஏற்படும் சிறு வேறுபாட்டை இந்த முறையால் பிடிக்க முடியாது. பத்து நிமிடத்திற்கு அது ஒரு நொடி அளவே. அதைச் சரிக்கட்ட எமுலேட்டர் ஆட்டத்தைச் சற்றே மெதுவாக்குகிறது. இல்லையென்றால் அவ்வப்போது ஒரு சட்டகத்தைக் கைவிடுகிறது. நீண்ட பக்கவாட்டு நகர்வில் படம் ஒரு கணம் திடுக்கிடுவது போலத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 4: படத்தை ஒப்பிடுங்கள்

கருவி வரையும் படம் 256 புள்ளி அகலமும் 240 வரி உயரமும் கொண்டது. என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சியில் ஒவ்வொரு புள்ளியும் 8:7 என்ற விகிதத்தில் சற்றே அகன்று தெரிவதால், எமுலேட்டரிலும் அந்த விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். சதுரப் புள்ளியாக விட்டால் எல்லா உருவங்களும் ஒல்லியாகிவிடும்.

நிறத்தில் மட்டும் ஒரே சரியான விடையைத் தேடாதீர்கள். இந்தக் கருவியின் படச் சில்லு சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிக்காமல் நேரடியாகக் கலப்புச் சமிக்ஞையையே உருவாக்குகிறது. அதை நிறமாக மாற்றியது அந்தந்த வீட்டுத் தொலைக்காட்சிதான்.

பின்னர், ஒரே வரிசையில் பல எதிரிகள் நிற்கும் இடத்தில் உருவங்கள் மினுங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு வரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு (பின்னணியின் மேல் நகரும் சிறு படத்துண்டுகளுக்கு) மேல் அசல் கருவியால் வரைய இயலாது. இந்த வரம்பை நீக்கும் வசதி பல எமுலேட்டர்களில் இருக்கிறது. ஒப்பிடும்போது அதை அணைத்து வையுங்கள். 'கேஸில்வேனியா 2' ஆட்டத்தில் நாயகனின் கால்கள் சதுப்புநிலத்தில் மறைவதே இந்த வரம்பைக் கொண்டு செய்த வேலை என்பதை அறிந்தபின், மினுங்கலைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படி 5: தாமதத்தை எண்ணுங்கள்

கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதியை இயக்கி, பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியுமாறு பதிவு செய்யுங்கள். பொத்தான் இறங்கிய படத்திலிருந்து மாரியோ தரையை விட்டு எழும் படம் வரை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4.2 மில்லிவினாடி என்று கணக்கிடலாம். அழுத்தும் கணம் ஒவ்வொரு முறையும் சட்டகத்தின் வெவ்வேறு இடத்தில் விழுவதால், பத்து முறையாவது செய்து சராசரி எடுங்கள். கணினியில் எண்ணிக்கை கூடுதலாக வந்தால், செங்குத்து ஒத்திசைவு (வி-சிங்க்) அமைப்பையும், திரையின் பட மேம்பாட்டு வசதிகளையும், யு.எஸ்.பி. கட்டுப்பாட்டுக் கருவியையும் ஒவ்வொன்றாக மாற்றி மீண்டும் அளவிடுங்கள். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்ச் மென்பொருளில் உள்ள 'ரன் அஹெட்' வசதி, ஆட்டத்துக்கே உரிய தாமதத்தையும் விழுங்கிவிடும். ஆடுவதற்கு அது நல்லது, அளப்பதற்கு ஆகாது.

படி 6: ஒலியைக் கேளுங்கள்

இரு கருவிகளையும் ஒரே ஒலிபெருக்கியில் இணைத்து, ஒரே இசையை மாறி மாறிக் கேளுங்கள். ஃபேமிகாம் கேசட்டுகள் தமக்கென்று கூடுதல் ஒலிச் சில்லை வைத்துக்கொள்ள முடியும். 1989இல் வந்த 'அகுமாஜோ டென்செட்சு' அவ்வாறு மூன்று ஒலித்தடங்களைச் சேர்த்தது. அமெரிக்க என்.இ.எஸ். கருவியின் கேசட் செருகியில் அந்த ஒலிக்கு வழி இல்லாததால், அங்கு அதே ஆட்டம் வெளியான 'கேஸில்வேனியா 3' பதிப்புக்கு இசையை மாற்றி அமைத்தார்கள். எமுலேட்டரில் ஜப்பானியப் பதிப்பின் இசை செறிவாகக் கேட்டால் அதை எமுலேட்டரின் மிகை என்று குறித்துக்கொள்ளாமல், ஃபேமிகாமோடு மட்டும் ஒப்பிடுங்கள்.