டிஸ்மிஸ் ஆர்டரோடு ஹைகோர்ட்டுக்குப் போகிற வங்கி ஊழியர்களுக்கு

"சார், நான் ஒரு பைசா எடுக்கல. ஜட்ஜ் பார்த்தா தெரிஞ்சிடும்ல?" டிஃபென்ஸ் ரெப்பாக, அதாவது வங்கியின் உள்விசாரணையில் ஊழியர் தரப்பில் பேசுபவராக, நான் உட்கார்ந்த கேஸ்களில் எல்லாரும் கேட்டது இதைத்தான். ஜட்ஜ் அதைப் பார்க்க மாட்டார். ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனு என்பது அப்பீல் இல்லை. சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டோம் என்று 1995-இல் பி.சி. சதுர்வேதி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனை வந்த வழி சரியா என்பதுதான் கேள்வி.

அதனால் முதலில் வங்கிக்குள்ளேயே அப்பீல் போடுங்கள். அரசு வங்கி ஆபீசர்களுக்குப் பொதுவாக 45 நாள். கிளார்க், சப்-ஸ்டாஃப் என்றால் தொழில் தீர்ப்பாயம்தான் நல்லது, தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. தனியார் வங்கியா? 2003 ஃபெடரல் வங்கி – சாகர் தாமஸ் தீர்ப்புக்குப் பிறகு ரிட் வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்து, என்கொயரி புரொசீடிங்ஸை (உள்விசாரணைப் பதிவை) எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஃபுல்ஸ்கேப் தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: குற்றச்சாட்டு, அதற்கான எக்சிபிட் (ஆதார ஆவணம்), அதைப் பற்றிப் பேசிய சாட்சி. மூன்றாவது கட்டம் எங்கே காலியோ அங்கேதான் உங்கள் கேஸ் இருக்கிறது. வங்கி தரப்பில் வாதாடும் பிரெசன்டிங் ஆபீசர் ஜெராக்ஸ் கட்டை மொத்தமாகக் கொடுப்பார், என்கொயரி ஆபீசர் நம்பர் போட்டு வாங்கிக்கொள்வார், வவுச்சரை பாஸ் செய்தவரைக் கூப்பிடவே மாட்டார்கள். டிராஃப்ட் புத்தகம் திருடுபோன விவகாரத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் ரூப் சிங் நேகி 2008-இல் ஜெயித்தது இப்படித்தான்: தாளைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், போலீசிடம் கொடுத்த வாக்குமூலமும் தனியாக நிற்காது.

என்கொயரி ஆபீசர் 'நிரூபணமாகவில்லை' என்று எழுதியதை மேலதிகாரி மாற்றினாரா? மாற்றுவதற்கு முன் காரணம் சொல்லி உங்களிடம் பதில் கேட்டிருக்க வேண்டும். 1998 குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கு. விஜிலன்ஸ் கமிஷன் (ஊழல் கண்காணிப்பு ஆணையம்) பரிந்துரையை உங்களுக்குக் காட்டாமலே அதை வைத்து முடிவெடுத்திருந்தால் அதுவும் பெரிய ஓட்டை.

"தண்டனை அதிகம்" என்பதைக் கடைசியில் வையுங்கள். மனசாட்சியை உலுக்கினால்தான் கோர்ட் தலையிடும். 'வங்கிக்கு நஷ்டமே இல்லை' என்ற வாதம் ஆபீசர்களுக்கு ஓடாது. அதிகாரத்தை மீறியதே தவறு என்று 1996-லேயே சொல்லியாகிவிட்டது. அதே விவகாரத்தில் இன்னொருவர் இன்க்ரிமென்ட் வெட்டோடு தப்பியிருந்தால், அந்த ஆர்டரைக் கட்டாயம் இணையுங்கள்.

ஒன்றை வீட்டிலும் சொல்லிவையுங்கள். ஜெயித்தாலும் பெரும்பாலும் உடனே சீட்டில் போய் உட்கார முடியாது. தவறு நடந்த கட்டத்திலிருந்து என்கொயரியை மறுபடி நடத்தச் சொல்வார்கள். அதுவரை சஸ்பென்ஷன், பிழைப்புப் படிதான்.