போகும்போதும் வரும்போதும் கையில் ஒன்று: 50 சென்ட் பெர்மாகல்ச்சர் தோட்டத்தில் ஒரு நாள்

பெர்மாகல்ச்சர் என்பது, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உணவாகும்படி வீடு, மாடு, கோழி, செடி எல்லாவற்றையும் இணைத்து அமைக்கும் விவசாய முறை. அப்படிப்பட்ட தோட்டத்தில் வேலை கற்க வருபவர்கள் முதல் நாளே மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். அதற்கு முன்னால் நடக்கப் பழக வேண்டும். அடுக்களை, கோழிக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், கம்போஸ்ட் மேடு, நாற்றங்கால், மறுபடி அடுக்களை. இந்தச் சுற்றில் எந்த இடத்துக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது, வெறுங்கையோடு திரும்பவும் கூடாது. காய்கறித் தோல் கோழிக்கு, கோழிக் குப்பை கம்போஸ்டுக்கு, மக்கிய எரு நாற்றங்காலுக்கு, கீரை அடுக்களைக்கு. தினமும் தொடுவதை வீட்டை ஒட்டியும், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்பதை வேலியை ஒட்டியும் வை என்பது 1970-களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த இந்த முறையின் அடிப்படைகளில் ஒன்று. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வாழையும் கறிவேப்பிலையும் வைத்த நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல.

கீழே உள்ளவை செம்மண் நிலம், ஒரு போர்வெல், ஒரு நாட்டு மாடு, பத்துக் கோழிகள் உள்ள 50 சென்ட் தோட்டத்துக்கானவை.

காலை 6 மணி: தண்ணீர் திறப்பதற்கு முன்

முதல் சுற்று பார்ப்பதற்கு மட்டும். ஒரு நோட்டும் நீளமான கம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் இலை தொங்கினால் அது வெயில். விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். மூடாக்கை (மண்ணை மூடிப் போட்ட சருகு, வைக்கோல்) விலக்கி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. சொதசொத என்றிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம், அந்தச் செடிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும் என்பதால் விரல் வைக்காமல் முடிவு செய்யாதீர்கள். விரலுக்கு முன்னால் கம்பு: மூடாக்கை முதலில் தட்டிப் பிறகு விலக்குங்கள். காய்ந்த சருகோடு சருகாகக் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

சொட்டு நீர் போகிறதா என்று குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் கீழே ஒரு 200 மில்லி டம்ளரை வையுங்கள். 3 நிமிடத்தில் நிறைய வேண்டும். 5 நிமிடம் ஆனால் அடைப்பு. பக்கக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். வாரம் ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் இது பாரமாகத் தெரியாது.

தொழுவமும் ட்ரம்மும்

ஜீவாமிர்தம் என்பது மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கும் சாணக் கரைசல். 50 சென்டுக்கு 100 லிட்டர், 15 நாளுக்கு ஒருமுறை. ட்ரம்மில் 100 லிட்டர் தண்ணீரோடு புதுச் சாணம் 5 கிலோ, கோமியம் 5 லிட்டர், வெல்லம் 1 கிலோ, பயறு மாவு 1 கிலோ, ரசாயனம் படாத பெரிய மரத்தடி மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, வாயைச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் குச்சியால் கலக்குங்கள். 48 மணி நேரத்தில் தயார், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். மூடியை இறுக்கி அடைத்தால் காற்றில்லாமல் சாக்கடை நாற்றம் வரும். சரியாக வந்தது லேசான புளிப்பு வாசனையோடு நுரைத்திருக்கும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் நுண்ணுயிர்கள் சாகும். அதைத் திறந்த தொட்டியில் ஒரு நாள் விட்டுப் பிறகு ஊற்றுங்கள். தயாரான கரைசலை மாலையில், ஈர மண்ணில், மூடாக்கின் மேல் ஊற்ற வேண்டும். வெயிலில் காய்ந்த வெறும் மண்ணில் ஊற்றுவது வெல்லத்தை வீணாக்குவது.

கம்போஸ்ட் மேடு

கற்றுக்கொள்பவர் ஒரு மேட்டையாவது தொடக்கம் முதல் முடிவு வரை தானே போட்டுப் புரட்ட வேண்டும். வேறு எந்த வேலையும் மண்ணுயிரை இவ்வளவு சீக்கிரம் காட்டாது. 18 நாள் முறையில் போடுங்கள். இரண்டு கூடை காய்ந்தது (சருகு, கரும்புச் சோகை, வைக்கோல்), ஒரு கூடை பச்சை (கிளைரிசிடியா தழை, விதை பிடிக்காத களை, காய்கறிக் கழிவு), மேலே சாணக் கரைசல், இப்படி அடுக்கடுக்காக. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய மேட்டில் சூடு நிற்காது. பூத்த பார்த்தீனியத்தை உள்ளே போடாதீர்கள்.

ஈரத்துக்கு அளவு கைப்பிடிதான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு.

முதல் 4 நாள் தொட வேண்டாம். ஐந்தாம் நாள் புரட்டி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்டுங்கள். வெளிப்புறம் உள்ளே போக வேண்டும், உட்புறம் வெளியே வர வேண்டும். கட்டடக் கம்பி ஒன்றை நடுவில் குத்தி வைத்து, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பிடியுங்கள். சில நொடிக்கு மேல் பிடிக்க முடியாத சூடு, ஏறத்தாழ 55 முதல் 65 டிகிரி, சரியான சூடு. கம்பி குளிர்ந்தே இருந்தால் மேடு காய்ந்திருக்கிறது, அல்லது பச்சை போதவில்லை. முட்டை அழுகிய நாற்றம் என்றால் ஈரமும் பச்சையும் கூடிப்போய்க் காற்று அடைபட்டிருக்கிறது, சருகு கலந்து புரட்டுங்கள். பிரித்தால் உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை அடுக்கு தெரிகிறதா? சூடு மிஞ்சி ஈரம் வற்றிவிட்டது. தண்ணீர் தெளித்துக்கொண்டே புரட்டுங்கள். புரட்டும்போது மேட்டிலிருந்து ஆவி எழும்பி, அழுகல் போய் மழை மண் வாசனை வரத் தொடங்கும் நாள் ஒன்று உண்டு. அன்றிலிருந்து கையே சொல்லிக் கொடுக்கும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது: சமமட்ட வரப்பு

சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டிக் கரை போட்டு மழைத் தண்ணீரை நிறுத்துவதுதான் சமமட்ட வரப்பு. இது தினசரி வேலையில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி முடிக்க வேண்டியது. கணக்கைப் பாருங்கள்: 50 சென்டில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 20,000 லிட்டர். அதைச் சரிவோடு ஓடவிட்டுவிட்டு போர்வெல்லை நம்புவது என்ன கணக்கு?

மட்டம் பார்க்க இரண்டு மீட்டர்க் கம்புகள் இரண்டு, குறுக்குக் கம்பு ஒன்று, கயிறு, கனமான கல் போதும். இரண்டு கம்பின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, பாதி உயரத்தில் குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லைக் குறுக்குக் கம்புக்குக் கீழே வரை தொங்கவிடுங்கள். கால் நிற்கும் இரண்டு இடத்திலும் முளை அடித்து, கயிறு குறுக்குக் கம்பில் தொடும் இடத்தைக் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பி, இடக்கால் நின்ற முளையில் வலக்கால் வரும்படி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நட்டநடு மட்டம். இந்தத் திருப்பலை விட்டுவிட்டால் சட்டம் எவ்வளவு கோணலோ வரப்பும் அவ்வளவு கோணல். காற்றடிக்கும் நேரத்தில் அளக்காதீர்கள்.

ஒரு காலை ஊன்றி, கயிறு நடுக்குறியில் நிற்கும்வரை மற்றக் காலை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் முளை அடித்துப் போங்கள். அந்தக் கோட்டில் 45 செ.மீ அகலம், 30 செ.மீ ஆழத்துக்கு வெட்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். 20 மீட்டர் வெட்டினால் ஒரு நிறைவுக்கு 2,700 லிட்டர் நிற்கும்.

வரப்பு உடைவது பெரும்பாலும் கலிங்கு (மிச்சத் தண்ணீர் வழியும் வாய்) இல்லாததால். வரப்பு உச்சிக்கு 15 செ.மீ கீழே, 60 செ.மீ அகலத்தில், கல் பதித்து வழி விடுங்கள். அடுத்த வரப்பின் கலிங்கு எதிர் முனையில் இருக்கட்டும், தண்ணீர் வளைந்து வளைந்து இறங்கும். வரப்பின் மேல் 15 செ.மீ இடைவெளியில் வெட்டிவேர் நடுங்கள். சரிவில் வீட்டு அஸ்திவாரத்துக்கு நேர் மேற்புறத்தில் இப்படி வெட்ட வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு

11 மணி முதல் 3 மணி வரை நிழல் வேலை. மண்வெட்டி, அரிவாளை அரத்தால் தீட்டி எண்ணெய் தடவுவது. விதைக்கு எடுத்த தக்காளியின் சாற்றோடு விதையை இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துவது. நோட்டை எழுதுவதும் இந்த நேரத்தில்தான்: தேதி, மழை அளவு, புரட்டிய நாள், கம்பியின் சூடு, எந்த வரிசை வாடியது. மழை அளக்க நேரான சுவர் உள்ள டப்பாவும் ஸ்கேலும் போதும். கற்க வருபவர் நோட்டு எழுதாமல் மூன்று மாதம் வேலை செய்தால் கை பழகுமே தவிர, ஏன் செய்தோம் என்பது பழகாது.

மாலை

மூடாக்கு 10 முதல் 15 செ.மீ கனம் இருக்கட்டும், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். கோழிக் கொட்டகைத் தரையில் அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த சருகு இரண்டு கூடை கொட்டிக் கிளறுங்கள். நெடி வந்த குப்பையை வாரி, போகிற வழியில் கம்போஸ்டில் போடுங்கள்.

கோழிகளை எண்ணி அடைத்த பிறகு கடைசி வேலை கரையான் பானை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள மண்ணில் கவிழ்த்து வையுங்கள். பழமரத்தடியில் வேண்டாம், வேலியோரம் போதும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் நிமிர்த்தினால் சாக்கெல்லாம் கரையானாக இருக்கும். குஞ்சுகளுக்கு முன்னால் உதறுங்கள், காலியான பானையோடு திரும்பும்போது முட்டையை அதிலேயே வைத்துக்கொண்டு வரலாம்.