காட்டு வேலைக்கு முதல் கத்தி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காட்டில் தங்கிப் பழக ஆசைப்பட்டுக் கத்தி தேட ஆரம்பிப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது எது தெரியுமா? ஒரு அடி நீளம், முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் ஒளித்து வைத்த கத்திகள். அவற்றை வாங்காதீர்கள். காட்டில் கத்திக்கு என்ன வேலை என்று பாருங்கள்: சுள்ளி சீவித் தீ மூட்ட வேண்டும், கூடாரத்துக்கு முளைக்குச்சி செதுக்க வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், மீன் சுத்தம் செய்ய வேண்டும், சமையலுக்குக் காய் நறுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாமே விரல்களின் கட்டுப்பாட்டைக் கேட்கும் சின்ன வேலைகள்.

ஸ்வீடனின் தாலார்னா பகுதியில் மோரா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தயாராகும் கத்திகளும் ஊர்ப் பெயரிலேயே அறியப்படுகின்றன. தச்சரும் மீனவரும் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் சாதாரண வேலைக் கத்தி அது. கனடாவில் பல பத்தாண்டுகள் காட்டு வாழ்க்கைப் பயிற்சி கொடுத்த மோர்ஸ் கோச்சான்ஸ்கி, விலை குறைந்த இந்தக் கத்தியைத்தான் தன் மாணவர்களுக்குப் பரிந்துரைத்தார். அதனால் இந்தக் கட்டுரையில் மோராவின் ‘கம்பானியன்’ என்ற மாடலை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு கம்பெனிக் கத்தியே வாங்கினாலும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.

படி 1: மடக்காத கத்தி, உள்ளங்கை அளவு

மடக்குக் கத்தி பைக்குள் வைக்க வசதிதான். ஆனால் அதன் கீலில் மண்ணும் மீன் செதிலும் அடைத்துக்கொள்ளும். பலமாக அழுத்தும்போது பூட்டு நழுவினால் அலகு விரல் மேலேயே மடங்கும். முதல் கத்தி மடக்காததாக இருக்கட்டும்.

அலகு 9 முதல் 11 செ.மீ. நீளம் போதும். கம்பானியனின் அலகு 10 செ.மீ.க்குச் சற்றே அதிகம். இதற்கு மேல் நீளம் கூடக் கூட, நுனி கைக்கு அடங்காமல் போகும். ‘அப்போ கிளை வெட்ட?’ என்று கேட்பீர்கள். ஸ்வீடன் போன்ற வட ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் அதற்குக் கோடரி எடுத்துப் போவார்கள். நமக்கு அரிவாள் இருக்கிறது. அரிவாளின் வேலையையும் கத்தியின் வேலையையும் ஒரே கருவியிடம் கேட்டால் அது இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

படி 2: தடிமனும் தீட்டிய விதமும்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். எஃகின் பெயரை மனப்பாடம் செய்பவர்கள்கூட அலகின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கவனிப்பதில்லை. கத்தி வெட்டுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

கம்பானியனின் முதுகுப் பக்கத் தடிமன் 2.5 மி.மீ. அதே கத்தியின் கனமான வகையில் 3.2 மி.மீ. கடையில் ‘சர்வைவல்’ என்ற பெயரோடு கிடைப்பவை 5, 6 மி.மீ. வரை போகும். அவ்வளவு தடிமனான கத்தியால் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி இறங்குவதற்குள் கேரட் ‘டக்’கென்று பிளந்து தெறிக்கும். மரத்திலும் இதே கதைதான். அலகு உள்ளே இறங்காமல் தள்ளிக்கொண்டே வரும். புதிதாகப் பழகுபவர்கள் 2.5 முதல் 3.5 மி.மீ.க்குள் வாங்குங்கள்.

அடுத்தது, தீட்டிய விதம். மோராவில் இருப்பது ஸ்காண்டி கிரைண்ட். அலகு முதுகிலிருந்து பாதிக்கும் கீழே வரை ஒரே தடிமனாக வந்து, அங்கிருந்து கூர் வரை இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இறங்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சரிவு அகலமான பட்டையாகப் பளபளக்கும். இரு பக்கமும் சேர்த்துக் கோணம் சுமார் 25 டிகிரி.

புதியவர்களுக்கு இது ஏன் நல்லது? சாணை பிடிக்கும்போது கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. பட்டையைச் சாணைக்கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடும். மரம் சீவும்போதும் அந்தப் பட்டை மரத்தின் மேல் படிந்து அலகை வழிநடத்தும். குறை ஒன்று உண்டு: கூர் மெல்லியது. காய்ந்த சீமைக் கருவேலம், புளி போன்ற கடின மரங்களில் முடிச்சு உள்ள இடத்தில் முரட்டுத்தனமாக இறக்கினால் கூர் மடங்கலாம், சிறு துண்டு பெயரவும் செய்யலாம். நம் ஊர் விறகில் பழகுபவர்கள் முடிச்சில்லாத துண்டாகப் பார்த்து எடுங்கள்.

படி 3: கைப்பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது

அலகின் வால் பகுதியை டேங் என்பார்கள். அது கைப்பிடியின் கடைசி வரை, அதே அகலத்தில் போனால் ஃபுல் டேங். கத்தியை விறகின் மேல் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளப்பதுண்டு. அந்த அடியைத் தாங்குவதில் இதற்குத்தான் முதலிடம். மோராவில் ‘கார்பெர்க்’ அப்படிப்பட்டது. கம்பானியனில் டேங் கடைசி வரை போவதில்லை. ஆனாலும் மணிக்கட்டைவிட மெல்லிய துண்டுகளைப் பிளக்க அது தாராளமாகப் போதும். வட ஐரோப்பிய நாடுகளில் மெலிந்த டேங்கை மரக் கைப்பிடிக்குள் செருகுவதற்குக் குளிரும் ஒரு காரணம்: வெளியே தெரியும் இரும்பு பனியில் கையைச் சுடும்.

கைப்பிடி உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும் கத்தியை மட்டும் தொடாதீர்கள். விலை மலிவான வகைகளில் அலகு ஒரு திருகிலோ பற்றவைப்பிலோதான் நிற்கும்.

படி 4: எந்த எஃகு

கார்பன் ஸ்டீலா எவர்சில்வரா என்று நாள்கணக்கில் யோசிக்க வேண்டாம். கார்பன் ஸ்டீல், உதாரணமாக 1095 என்ற வகை, சீக்கிரம் கூராகும். ஆனால் ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் துருப் புள்ளி வரும். எலுமிச்சை, மாங்காய் வெட்டினால் கறுக்கும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் துரு எளிதில் ஏறாது. கம்பானியனின் எவர்சில்வர் வகையில் அலகு 12சி27 என்ற ஸ்வீடிஷ் எஃகு. தீட்டுவதற்கும் சிரமம் தராது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கும், கத்தியைத் துடைத்து வைக்க மறப்பவர்களுக்கும் எவர்சில்வர்தான் என் பரிந்துரை.

கடினத்தன்மை ராக்வெல் அளவில் 56 முதல் 60க்குள் இருக்கட்டும். எஃகின் பெயரையும் கடினத்தன்மையையும் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

ஃபெர்ரோ ராடில் (உரசினால் தீப்பொறி கக்கும் உலோகக் குச்சி) பொறி வரவழைக்கக் கார்பன் ஸ்டீல்தான் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. பொறி வருவது ராடிலிருந்து. கத்தியின் முதுகு 90 டிகிரியில் கூர்மையான விளிம்போடு இருந்தால் எவர்சில்வரும் அதே வேலையைச் செய்யும். கார்பெர்க்கில் முதுகை அதற்கென்றே தீட்டி அனுப்புகிறார்கள். சாதாரண கம்பானியனில் நீங்களே அரத்தால் ராவிக்கொள்ள வேண்டியிருக்கும். சிக்கிமுக்கிக் கல்லில் அடித்துத் தீ உண்டாக்கும் பழைய முறைக்குத்தான் கார்பன் ஸ்டீல் அவசியம்.

படி 5: பிடியும் உறையும்

முடிந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். இறுக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஒரு குச்சியைச் சீவினாலே, பிடியில் எந்த மேடு உள்ளங்கையை உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் பிறகு கொப்புளம் வரும். விரல்களுக்கென்று பள்ளம் வெட்டிய பிடி ஒரே பிடிப்புக்குத்தான் பொருந்தும், தவிர்த்துவிடுங்கள். கை அலகுக்கு வழுக்காமல் தடுக்க முன்னால் சிறு மேடு இருப்பது நல்லது.

உறைக்கு ஒரே சோதனை: கத்தியைச் செருகித் தலைகீழாக உலுக்குங்கள். விழக் கூடாது. தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கார்பன் ஸ்டீல் கத்தியை மாதக்கணக்கில் அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

படி 6: சட்டம்

இந்திய ஆயுத விதிகளில் (2016), 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ அறிவியலுக்கோ செய்யப்படாததாக இருந்தால், ஆயுத வகையில் வந்துவிடும். 10 செ.மீ. கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி (1972), எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. கத்தி சின்னதுதானே என்று சோதனைச் சாவடியில் வாதாட வேண்டாம். பழகுவதற்குச் சொந்தத் தோப்போ, தெரிந்தவர் நிலமோ போதும். பிரிட்டனில் இருப்பவர்கள் தகுந்த காரணம் இல்லாமல் மடக்காத கத்தியைப் பொது இடத்துக்கு எடுத்துப் போகவே முடியாது. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

படி 7: வந்ததும் சோதியுங்கள்

அலகின் கூர் விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்து, அதன் வழியே பாருங்கள். கூரான இடத்தில் வெளிச்சம் தெறிக்காது. வெள்ளைக் கோடாக மின்னும் இடம் மழுங்கியது. அலகு வளைவில்லாமல் நேராக இருக்கிறதா, பிடியில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செய்தித்தாளைக் கையில் தொங்கவிட்டு வெட்டினால் கிழியாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

அப்புறம் கட்டைவிரல் தடிமனில் காய்ந்த, நேரான குச்சி ஒன்றை எடுங்கள். உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, கத்தி உடம்பைவிட்டு வெளியே போகும்படி சீவுங்கள். தொடைகளுக்கு நடுவே வைத்து ஒருபோதும் சீவாதீர்கள், அங்கே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. ஸ்காண்டி பட்டையைக் குச்சியின் மேல் படிய வைத்து, அலகைக் கொஞ்சமே தூக்கி, நுனி வரை போகாமல் நிறுத்துங்கள். மெல்லிய சீவல் சுருண்டு குச்சியிலேயே ஒட்டி நிற்கும். குச்சியை இம்மியளவு திருப்பி, முந்தைய சீவலுக்குப் பக்கத்தில் கிளம்பியிருக்கும் விளிம்பில் அடுத்ததைத் தொடங்குங்கள். சுருள்கள் அடர்த்தியாகச் சேர்ந்தால் ஃபெர்ரோ ராட் பொறியிலேயே பற்றும். சீவல் தூளாக உதிர்ந்தால் முதலில் குச்சியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் கத்தியைச் சாணைக்கல்லில் போடுங்கள்.