அலைத்திருத்திச் சுற்றின் அலைவடிவங்களை ஆய்வறிக்கையில் வரையும் முறை

ஏசி மின்னழுத்தத்தை ஒரே திசையுள்ள டிசியாக மாற்றுவது அலைத்திருத்திச் சுற்று. அதன் அலைகளை வரைய வரைபடத்தாளைத் தொடுவதற்கு முன்பே, சுழி வோல்ட்டைக் குறிக்கும் சுழிக்கோட்டை உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்னழுத்த அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் உள்ளீட்டுச் சுவிட்சை கிரவுண்ட் நிலையில் வைத்து, திரையில் தெரியும் கிடைக்கோட்டைக் கட்டக் கோடு ஒன்றின் மேல் பொருத்திய பிறகு, டிசி நிலைக்கு மாற்றி அளவெடுக்க வேண்டும். ஏசி நிலையில் சராசரி மின்னழுத்தம் வடிகட்டப்பட்டுவிடுவதால், ஒரு அரைச் சுழற்சியை மட்டும் கடத்தும் அரை அலைத் திருத்தியின் வெளியீடு சுழிக்கோட்டுக்குக் கீழேயும் இறங்குவதாகத் தோன்றும். டிசி நிலையிலும் அலை முழுவதும் கீழ்ப்பக்கமே தெரிந்தால், ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தைக் கடத்தும் டையோடு திரும்பியிருக்கிறது. அல்லது புரோப்பின் (அளவெடுக்கும் கம்பியின்) முனையும் கிரவுண்ட் கிளிப்பும் இடம் மாறியிருக்கின்றன.

நான்கு டையோடுகளால் முழு அலையையும் திருத்தும் பிரிட்ஜ் சுற்றின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இரு சேனல்களில் ஒருசேரப் பார்க்க முயலக் கூடாது. இரு புரோப்களின் கிரவுண்ட் கிளிப்புகளும் கருவிக்குள் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒன்றை மின்மாற்றியின் முனையிலும் மற்றதைப் பளு மின்தடையின் எதிர்முனையிலும் மாட்டினால் இடையிலுள்ள டையோடு குறுக்குச்சுற்றாகி, இன்னொரு டையோடு வழியே பெருமின்னோட்டம் பாயும். அலை திரையில் தொடங்கும் தருணத்தை முடிவுசெய்யும் ட்ரிகரை, மின்வழங்கலோடு ஒத்திசையும் 'லைன்' நிலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், இரு அலைகளின் நேரப் பொருத்தமும் கெடாது. அரை அலைச் சுற்றிலும், மின்மாற்றியின் நடுமுனையைப் பயன்படுத்தும் சென்டர் டேப் சுற்றிலும் பொது கிரவுண்ட் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எடுத்துக்காட்டாக, 12 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்மாற்றியைக் கொள்வோம். 12 என்பது ஆர்எம்எஸ் (பயனுறு) மதிப்பு. உச்ச மதிப்பு ஏறக்குறைய 17 வோல்ட். பளு குறைவாக இருக்கும்போது மின்மாற்றி குறித்த அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும் என்பதால், திரையில் அளந்த எண்ணைத்தான் வரைய வேண்டும். தாளைக் கிடைவாக்கில் வைத்து, நேர அச்சில் 1 செ.மீ. = 2 மில்லிவினாடி, மின்னழுத்த அச்சில் 1 செ.மீ. = 10 வோல்ட் என்று கொண்டால், இரண்டு சுழற்சிகள் 20 செ.மீ. நீளத்தில் அடங்கும். உள்ளீடு, அரை அலை, முழு அலை ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சுக்கு நேராக வரைவதே முறை. தனித்தனித் தாள்களில் வரைந்தால் எந்த அரைச் சுழற்சியில் டையோடு கடத்துகிறது என்பதைக் காட்ட வழியில்லை.

சைன் அலையைக் கண்மதிப்பில் வளைத்தால் அது அரைவட்டமாகவோ முக்கோணமாகவோ போய்விடும். சுழியிலிருந்து 1, 2, 3, 4, 5 மில்லிவினாடிகளில் உள்ளீடு முறையே 5.2, 10, 13.7, 16.2, 17 வோல்ட். இப்புள்ளிகளைக் குறித்துவிட்டு இணைத்தால் உச்சி தானாகவே அகன்று அமையும். சிலிக்கான் டையோடின் 0.7 வோல்ட் இழப்பால் அரை அலை வெளியீட்டின் உச்சம் 16.3 வோல்ட்டாகவும், இரு டையோடுகள் தொடரில் கடத்தும் பிரிட்ஜில் 15.6 வோல்ட்டாகவும் குறையும். பிரிட்ஜ் அலையின் இரு கூம்புகளுக்கிடையே சுமார் அரை மில்லிவினாடிக்கு வெளியீடு சுழியிலேயே படுத்திருப்பதையும் தட்டையாகக் காட்ட வேண்டும். அங்கே கூர்முனை வரைவது தவறு. உள்ளீட்டு உச்சத்தைப் பாடநூல் சூத்திரத்தில் இட்டால் சராசரி அரை அலைக்கு 5.4, பிரிட்ஜுக்கு 10.8 வோல்ட் என்று வரும். மல்டிமீட்டர் சுமார் 5, 9.4 வோல்ட் காட்டுவதற்கும் இந்த இழப்பே காரணம். அதை வரைபடத்தின் அருகில் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

வடிகட்டி மின்தேக்கியை இணைத்த பின் வரும் அலைக்குத் தனி அளவுகோல் தேவை. 1 கிலோ ஓம் பளுவும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொண்ட பிரிட்ஜில் ரிப்பிள் (டிசி மேல் எஞ்சும் ஏற்ற இறக்கம்) உச்சிக்கு உச்சி சுமார் 1.5 வோல்ட்தான், முந்தைய அளவுகோலில் அது ஒன்றரை மில்லிமீட்டர். ஆகவே இதற்கு மட்டும் ஏசி நிலைக்கு மாறி, 1 செ.மீ. = 1 வோல்ட் என்று பெரிதாக வரைந்து, டிசி அளவை அருகில் குறிப்பிட வேண்டும். மின்னிறக்கத்தின் கால மாறிலி (மின்தடை × மின்தேக்குத்திறன்) 100 மில்லிவினாடி என்பதால் இறங்குபகுதி ஏறக்குறைய நேர்க்கோடாகவே இருக்கும்; ஏறுபகுதி குறுகியது, செங்குத்தானது. அடுத்தடுத்த உச்சிகளுக்கிடையே 10 மில்லிவினாடி, அதாவது 100 ஹெர்ட்ஸ், இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். 20 மில்லிவினாடி வந்தால் பிரிட்ஜில் ஒரு டையோடு வேலை செய்யவில்லை, அதை மாற்றிய பிறகே வரைய வேண்டும்.