வீடு தேடி வந்து அழைக்க மாட்டார்கள்: இங்கிலாந்துக் கிராமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் ஒரு விசேஷம் என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து, "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்லிப் பத்திரிகை வைப்பார்கள். வழியில் பார்த்து வாயால் சொல்லிவிட்டுப் போனால் மனத்தாங்கல்தான். அதே எதிர்பார்ப்போடு இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்குக் குடிபோனால், முதல் வருடம் முழுக்க ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும்: நம்மை யாருமே கூப்பிடவில்லையே!

டெர்பிஷையரில் ஒரு சின்னக் கிராமத்துக்கு நாங்கள் வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, வில்லேஜ் ஹாலை (ஊர்ப் பொதுக்கூடம்) ஒட்டிய புல்வெளியில் கொடித் தோரணம், பேண்டு வாத்தியம், வரிசையாக மேசைகள். ஊரே அங்கே இருந்தது. நாங்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு வாரமாக அந்த அறிவிப்பு பஸ் நிறுத்தத்துப் போர்டில் ஒட்டியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். "எல்லோரும் வருக" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த 'எல்லோரும்' என்பதில் நாங்களும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கும் ஐடி வேலை, கிராமத்துக் கடையையும் போஸ்ட் ஆபீஸையும் எடுத்து நடத்துவது என்று நம்மவர்கள் பலர் இங்கே கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வருடக்கணக்கில் அப்படி ஜன்னலில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுதான் பத்திரிகை. கதவு வழியாக வந்து விழும் பாரிஷ் இதழும் (ஊர்ச் செய்தி ஏடு) அழைப்புப் பத்திரிகைதான். பெரும்பாலும் ஊர்க்காரர் ஒருவர் சம்பளம் வாங்காமல் நடந்தே வந்து போட்டுவிட்டுப் போவது அது. விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

விருந்தாளியாகவே இருந்துவிடுவது

சரி, போக ஆரம்பித்துவிட்டோம். அடுத்த தவறு, போய்ச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. இங்கே கல்யாண மண்டபம் மாதிரி கான்ட்ராக்டர் கிடையாது. இங்கிலாந்தில் 10,000க்கும் மேற்பட்ட வில்லேஜ் ஹால்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அறக்கட்டளைகள். ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துகிறார்கள். வாசலில் ஒரு பவுண்டு வாங்குபவர், டீ ஊற்றுபவர், கழிப்பறைக்கு வழி காட்டுபவர் எல்லோருமே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஆகவே, முடிந்ததும் கிளம்பாதீர்கள். "நாற்காலியை அடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி எனக்கு வாங்கிக் கொடுத்த நட்புகளை வேறு எதுவும் வாங்கிக் கொடுக்கவில்லை. சின்ன வேலையாக ஒன்றை எடுத்து அதை விடாமல் செய்யுங்கள். வந்த உடனே "நாம் பெரிய அளவில் தீபாவளி நடத்தலாம்" என்று முதல் கூட்டத்திலேயே திட்டம் சொல்வதும் தவறுதான். ஒரு வருடம் மேசை தூக்கியவர் சொன்னால் அதே யோசனை உடனே நிறைவேறும்.

இன்னொன்று, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூடாதென்று நாம் "பார்க்கலாம், வர்றேன்" என்போம். இங்கே அதை வருவதாகவே எடுத்துக்கொண்டு ரோட்டாவில் (யார் எப்போது என்ன வேலை என்ற பட்டியல்) பெயர் எழுதிவிடுவார்கள். 10 மணி என்றால் உங்களுக்குப் பதில் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவதில் இங்கே யாருக்கும் வருத்தமில்லை.

பூ ஒட்டும் வாரம்

எங்கள் மாவட்டத்தின் தனிச்சிறப்பு 'வெல் டிரெஸ்ஸிங்'. ஊற்றுகளுக்கும் கிணறுகளுக்கும் பூவால் செய்த சித்திரப் பலகை வைத்து நன்றி சொல்வது. ஆடிப்பெருக்கு தெரிந்தவர்களுக்கு இதன் மனசு உடனே புரிந்துவிடும். டிஸ்ஸிங்டன் என்ற ஊரில் கிறிஸ்து விண்ணேற்ற நாளையொட்டி நடக்கும். ஈஸ்டரோடு சேர்ந்து தேதி நகரும். யூல்கிரேவ், டைட்ஸ்வெல் போன்ற ஊர்களில் கோடையில் வரும். 1348-49இல் கொள்ளைநோய் நாடெங்கும் பரவியபோது டிஸ்ஸிங்டன் தப்பியதற்கு அதன் சுத்தமான ஊற்றுநீர்தான் காரணம் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, முடிந்த பலகையைப் போட்டோ எடுக்க மட்டும் போவது. உண்மையான திருவிழா அதற்கு முந்தைய நாட்களில் ஏதாவது ஒரு கொட்டகையில் நடக்கிறது. மரப்பலகைகளைக் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போடுவார்கள். உப்புக் கலந்த ஈரக் களிமண்ணை அதில் அப்பி, வரைந்த காகிதத்தை மேலே விரித்து, கோட்டுக்கு மேல் ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். காகிதத்தை எடுத்ததும் களிமண்ணில் புள்ளிகளாகப் படம் தெரியும். அந்தப் புள்ளிகளை விதை, காபிக்கொட்டை, ஆல்டர் மரத்தின் கருப்புக் காய் வைத்து இணைத்துவிட்டு, உள்ளே இதழ்களால் நிரப்புவார்கள். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது புதிதே இல்லை. முதல் நாள் போய் உட்கார்ந்தபோது என் விரல்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆனால் தெரிந்த கையும் ஓரிடத்தில் தவறும். இதழ்களை மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. கீழ் வரிசையில் ஆரம்பித்து, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படிய மேலே போக வேண்டும், நம் ஊரில் கூரைக்கு ஓடு வேய்வதுபோல. அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். டெர்பிஷையரில் மழை வராத வாரம் அபூர்வம். மேலிருந்து ஒட்டிய ஒரு மூலையை நான் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் தானும் சேர்ந்து ஒட்டினார். பிளாஸ்டிக் பூ, மினுக்குத் தூள் எதுவும் ஆகாது; இயற்கையாகக் கிடைப்பது மட்டும்தான். பூவையும் கேட்காமல் யார் தோட்டத்திலும் பறித்துவிடாதீர்கள். கேட்டால் கூடை நிறையக் கொடுப்பார்கள்.

சாப்பாட்டு மேசையில்

'பிரிங் அண்ட் ஷேர்' என்று போட்டிருந்தால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். லங்காஷையரில் இதையே 'ஜேக்கப்ஸ் ஜாய்ன்' என்பார்கள்; பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் சாப்பாட்டை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்று நினைத்துக் கடையில் கேக் வாங்கிப் போவது பெரிய இழப்பு. லெமன் சாதமும் மெதுவடையும் எடுத்துப் போங்கள்.

ஆனால் கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். ஒவ்வாமை தரக்கூடியவை என்று இங்கே சட்டம் 14 உணவுப் பொருட்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கடுகும் எள்ளும் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தாளித்த எதிலும் கடுகு உண்டு. நல்லெண்ணெய் என்றால் எள். நெய் என்றால் பால். பலர் கோட்டைவிடுவது பெருங்காயத்தில்: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "அரிசிச் சாதம்தானே" என்று நம்பிச் சாப்பிடும் குளூட்டன் ஒவ்வாதவருக்கு அது கெடுதல். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் வில்லேஜ் ஷோவுக்கு விதி வேறு. தோட்டத்து வெங்காயம், பீன்ஸ், ஜாம், கேக் எல்லாம் போட்டிக்கு வைக்கும் நாள் அது. 'ஷெட்யூல்' என்ற சின்னப் புத்தகத்தை வரிக்கு வரி படிக்காமல் போகாதீர்கள். மூன்று வெங்காயம் என்றால் மூன்றுதான். நான்காவது ஒன்று தட்டில் இருந்தால், நடுவர் 'ஷெட்யூல்படி இல்லை' என்பதன் சுருக்கமாக என்.ஏ.எஸ். என்று அட்டையில் எழுதிவிட்டுப் போய்விடுவார். இருப்பதிலேயே பெரியதைத் தேடாதீர்கள். மூன்றும் உடன்பிறந்தவை போல ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் என்றால் வழக்கமாக நடுவில் ராஸ்பெரி ஜாம், மேலே கொஞ்சம் கேஸ்டர் சர்க்கரை, அவ்வளவுதான். கிரீம் வைத்தால் போச்சு.

சட்னி என்ற பிரிவைப் பார்த்ததும் காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இங்கே சட்னி என்றால் பழமோ காயோ வினிகர், சர்க்கரையோடு வெந்து சுண்டி, பாட்டிலில் சில வாரங்களாவது ஊறியது. நம் மாங்காய்த் தொக்கு செய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு இதில் பரிசு எட்டாத தூரமில்லை.

ஹாலை நாமே எடுக்கும்போது

பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஹால் எடுப்பவர்கள் செய்யும் தவறு நேரக் கணக்கு. 2 முதல் 6 வரை என்றால், பலூன் கட்டுவதும் தரை துடைப்பதும் அதற்குள் அடக்கம். 6 மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். 6:15க்கு யோகா வகுப்பு காத்திருக்கும்.

நிதி திரட்டும் நிகழ்ச்சி என்றால் இன்னும் இரண்டு விஷயம். மதுபான உரிமம் இல்லாத இடத்தில் ஒயின் விற்பதானால், உள்ளூர் அதிகாரசபைக்கு 'டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ்' (தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு) கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். நோட்டீஸ் போய்ச் சேரும் நாளும் நிகழ்ச்சி நாளும் அதில் சேராது. ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடாது. "நாங்கள் விற்கவில்லையே, டிக்கெட்டோடு ஒரு கிளாஸ் இலவசம்தானே" என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் விற்பனைதான். அப்புறம் ராஃபிள் குலுக்கல்: டிக்கெட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே விற்றால் உரிமம் வேண்டாம். முன்கூட்டியே வீடுவீடாக, ஆபீஸில் என்று விற்பதானால் உள்ளூர் அதிகாரசபையில் பதிய வேண்டும்.

பாரிஷ் என்றால் சர்ச் என்று நினைப்பது

பாரிஷ் கவுன்சில் என்ற பெயரைக் கேட்டு, அது சர்ச் விவகாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். 1894ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. நம் ஊராட்சி மன்றம் போலத்தான் இது: விளையாட்டுத் திடல், நடைபாதை, ஊர்ப் பெஞ்சு, புதுக்கட்டடத்துக்கு ஆட்சேபம் எல்லாம் இங்கேதான் பேசப்படும். நீங்கள் கட்டும் கவுன்சில் வரியில் ஒரு சிறு பங்கு இதற்குப் போகிறது. கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பொதுமக்கள் பேசப் பெரும்பாலும் ஆரம்பத்தில் சில நிமிடம் தருவார்கள். கடைசியில் கை தூக்கினால் வாய்ப்புக் கிடைக்காது.

இதைவிட முக்கியமான தவறு, "நமக்கு ஓட்டு இல்லை" என்று நினைப்பது. விசாவில் இருக்கும் இந்தியர், இலங்கையர், மலேசியர், சிங்கப்பூரர் எல்லோரும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற வகையில் இங்கே வாக்காளராகப் பதியலாம். உள்ளூர்த் தேர்தல் மட்டுமில்லை, நாடாளுமன்றத் தேர்தலும்தான். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்துவிட்டால் பாரிஷ் கவுன்சிலுக்குப் போட்டியும் போடலாம். ஆள் கிடைக்காமல் காலியாக இருக்கும் இடங்கள் பல ஊர்களில் உண்டு.

சர்ச் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கச்சேரி, காபி மார்னிங், அறுவடை விருந்து எல்லாம் நடக்கும். எந்த மதத்தவரும் போகலாம். வழிபாட்டின்போது அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தால் நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு

நவம்பர் மாத இரண்டாவது ஞாயிறு, போர் நினைவுச் சின்னத்தின் முன் ஊர் கூடும். காகிதப் பாப்பிப் பூவைச் சட்டையில் குத்தியிருப்பார்கள். 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். சின்ன ஊரில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதைக் கேட்கும்போது நெஞ்சு அடைக்கும். இது அவர்கள் சோகம், நாம் நடுவில் எதற்கு என்று நானும் சில வருடம் போகாமல் இருந்தேன். அது தவறு. முதல் உலகப் போரில் கடல் கடந்து போன இந்தியப் படையினர் பத்து லட்சத்துக்கும் மேல். பிரைட்டனில் சிகிச்சை பலிக்காமல் இறந்த இந்து, சீக்கிய வீரர்களுக்கு அந்த ஊருக்கு வெளியே குன்றின் மேல் எரியூட்டிய இடத்தில் 'சத்ரி' என்ற வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் 1921 முதல் நிற்கிறது. அவர்களையும் நினைத்துக்கொண்டுதான் நான் இப்போது அந்த வரிசையில் நிற்கிறேன்.

போவதானால் 10:45க்கே போய்விடுங்கள். போனை அணைத்துவிடுங்கள். கைதட்ட வேண்டிய இடம் எதுவும் இதில் இல்லை. முடிந்ததும் பெரும்பாலும் ஹாலில் டீ இருக்கும். கோப்பை கழுவ ஆள் தேவைப்படும்.