நாட்டுக்கு நாடு லேபர் ஃபோர்ஸ் கம்பேர் பண்றப்ப எங்கெங்க சறுக்குதுன்னு பாருங்க

திருப்பூர்ல பையர் மீட்டிங்குக்கு ஸ்லைடு போடுறவங்க, கோயமுத்தூர் காலேஜ் பசங்க, பேக்கரியில டீ குடிச்சுட்டே வியட்நாம்காரன் நம்ம ஆர்டரை தூக்கிட்டு போயிட்டான்னு பேசுற கம்பெனிக்காரங்க, எல்லாருமே என்னிக்காவது இந்த கணக்குல வந்து நிப்பாங்க. எந்த நாட்டுல எத்தனை பேரு வேலைக்கு இருக்காங்க, அதாவது லேபர் ஃபோர்ஸ் எவ்வளவுன்னு. கூகுள்ல போட்டா ஒரு நம்பர் வருது, அதை அப்படியே எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு பார் சார்ட் போட்டுர்றாங்க. சிக்கலே அங்கதாங்க ஆரம்பிக்குது.

மொதல்ல ஜனத்தொகையை பார்த்து ஆள் பலத்தை முடிவு பண்றது. 2023-ல ஐ.நா. கணக்குப்படி நாம சீனாவை தாண்டிட்டோம், அதனால வேலைக்கு ஆளும் நம்மகிட்டதான் அதிகம்னு சொல்றவங்க நெறைய பேரு. இல்லீங்க. சீனாவோட லேபர் ஃபோர்ஸ் 77 கோடி கிட்ட, நம்மளது 60 கோடி வாக்குல. ஜப்பானையும் பாகிஸ்தானையும் எடுத்துக்கங்க, ஜப்பான் ஜனத்தொகை பாகிஸ்தான்ல பாதிதான், ஆனா லேபர் ஃபோர்ஸ்னு வந்தா ஜப்பான்ல 7 கோடியை ஒட்டி இருக்கு, பாகிஸ்தான்ல 8 கோடி வாக்குல, வித்தியாசம் கொஞ்சம்தான். கொழந்தைங்க எத்தனை, படிக்கிறவங்க எத்தனை, வூட்டு வேலையோட நிக்கற பொம்பளைங்க எத்தனை, இதெல்லாம் கழிச்சு வர்றதுதான் இந்த நம்பர். இன்னொண்ணு, இதுல வேலை பாக்கறவங்க மட்டும் இல்ல, வேலை இல்லாம தேடிட்டு இருக்கறவங்களும் சேர்த்திதான். தேடித்தேடி சலிச்சு போய் வூட்ல உக்காந்துட்ட பையன் மட்டும் இதுல வரமாட்டான், அவன் கணக்குக்கே வெளியே.

வயசு. இதை பாதிப்பேரு பாக்கறதே இல்ல. ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேச தொழிலாளர் அமைப்போட கணக்கு பொதுவா 15 வயசும் அதுக்கு மேலயும், அமெரிக்காவுல 16, சில டேபிள்ல 15-லிருந்து 64 வரைக்கும் மட்டும். ஜப்பான்ல 65 தாண்டி வேலை பாக்கறவங்களே 90 லட்சம் பேருக்கு மேல, 64-ல வெட்டுன டேபிளை எடுத்தா அத்தனை பேரும் காணாம போயிருவாங்க. நம்ம ஊர்ல மட்டும் என்னவாம், எழுபது வயசுல அப்பாரு காலையில காட்டுக்கு போய் மடை மாத்திட்டுத்தான் வர்றாரு. இதே மாதிரி அமெரிக்கா வழக்கமா சொல்ற நம்பர்ல ராணுவத்துல இருக்கறவங்களும் ஜெயில்ல இருக்கறவங்களும் கிடையாது.

இப்ப முக்கியமான சமாச்சாரம், யாரை வேலை செய்யறவங்கன்னு எழுதறாங்கங்கறது. அவிநாசி பக்கம் ஒரு தோட்டத்து வூட்டுக்கு சர்வேக்கு போறாங்கன்னு வெச்சுக்கங்க. அந்தம்மா விடியக்காத்தால எந்திரிச்சு கட்டுத்தரை கூட்டி, சோளத்தட்டு அறுத்து போட்டு, ரெண்டு எருமை கறந்து சொசைட்டிக்கு பால் ஊத்திட்டு வந்து, அதுக்கப்புறம் பக்கத்துலயே இருக்கற தறிக்குடோன்ல தார் சுத்தி குடுக்குது. சர்வேக்காரர், அம்மிணி நீங்க வேலைக்கு போறீங்களான்னு கேட்டா, "நான் எங்கீங்க போறது, வூட்ல சும்மாதானுங்க இருக்கறேன்"னு பதில் வரும். அங்கயே எழுதி முடிச்சுட்டா ஒரு ஆள் குறைஞ்சாச்சு. மாடு கறக்கறது யாரு, பால் யாரு ஊத்தறது, தறிக்கு நூல் யாரு பாக்கறதுன்னு துருவி கேட்டாத்தான் அவங்க லேபர் ஃபோர்ஸ்ல வருவாங்க, சம்பளம் இல்லாட்டியும் குடும்பத் தொழில்ல கூட நிக்கற ஆளுன்னு அதுக்கு தனி பிரிவே இருக்கு. அதே அம்மா வெறகு பொறுக்கறதும் வூட்டுக்கு துணி தைக்கறதும் மட்டும் பண்ணுனா நம்ம நாட்டு கணக்குல வெளியதான்.

இதனாலதான் நம்ம பொம்பளைங்க நம்பரை ரொம்ப ஜாக்கிரதையா தொடணும்ங்கறேன். பி.எல்.எஃப்.எஸ்.ங்கற நம்ம அரசாங்கத்தோட லேபர் ஃபோர்ஸ் சர்வேல 15 வயசுக்கு மேல இருக்கற பொம்பளைங்கள்ல 2017-18-ல 23.3 சதவீதம் பேரு லேபர் ஃபோர்ஸ்ல இருந்தாங்க, 2023-24-ல அது 41.7. ஆறு வருசத்துல அவ்வளவு பேருக்கும் கம்பெனியில வேலை கெடைச்சுதான்னா இல்ல, கூடுனதுல பெரும்பங்கு கிராமத்துல சொந்த வேலை, குடும்பத் தொழில்ல சம்பளமில்லாத ஒத்தாசை. அது நெஜமாவே கூடுச்சா இல்ல இப்பத்தான் ஒழுங்கா எழுதறாங்களான்னு பொருளாதாரம் படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்கறாங்க. அந்த நம்பரை தூக்கி இன்னொரு நாட்டோட சம்பளக்கார நம்பர் பக்கத்துல வெச்சா எப்புடிங்க.

விதியே வேற வேறங்கறது இன்னும் மோசம். 2013-ல லேபர் புள்ளிவிவரக்காரங்க சர்வதேச மாநாட்டுல ஒரு புது விதி போட்டாங்க. வித்து காசாக்கவோ கூலிக்கோ செய்யற வேலைதான் எம்ப்ளாய்மெண்ட், சொந்தமா சாப்பிட மட்டும் வெள்ளாமை பண்ணுனா அது தனி. வியட்நாம் 2021-ல இந்த புது விதிக்கு மாறிடுச்சு. நாம இன்னும் பழைய கணக்குல, வூட்டு சாப்பாட்டுக்கு மட்டும் சோளம் வெதைக்கறவரையும் சேர்த்துத்தான் எண்றோம். ஆக அதே சோளக்காட்டுக்காரர் இங்க உள்ளே, அங்க வெளியே. வியட்நாமோட 2020 நம்பரையும் 2021 நம்பரையும் வெச்சுட்டு, "பாருங்க, ஆள் கொறஞ்சு போச்சு"ன்னு சொல்றதும் அதே தப்புத்தான், கொரோனா ஒரு பக்கம் விதி மாறுனது ஒரு பக்கம், ரெண்டையும் பிரிக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அப்புறமும் வியட்நாம்ல 10 கோடி ஜனத்துல 5.3 கோடி பேரு லேபர் ஃபோர்ஸ்ல இருக்காங்க, பாதிக்கு மேல. கடுசான விதிப்படியே இந்த அளவு. நமக்கு அந்த விகிதம் இருந்தா 75 கோடியை தாண்டும்.

எத்தனை நாளை வெச்சு கேக்கறாங்கங்கறதும் இருக்கு. நம்ம சர்வேலயே ரெண்டு முறை, ஒண்ணு போன ஒரு வருசத்தை வெச்சு, இன்னொண்ணு போன ஏழு நாளை வெச்சு, அந்த வாரத்துல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும். 2023-24 வருசக் கணக்குல 15 வயசுக்கு மேல 60.1 சதவீதம், 2025 ஏப்ரல் மாசாந்திர வாரக் கணக்குல 55.6. ரெண்டையும் ஒட்டவெச்சு ஒரே வருசத்துல நாலரை சதவீதம் விழுந்துருச்சுன்னு வாட்ஸ்அப்ல ஓடுனா நம்பாதீங்க, அளக்கற படியே வேற. வெளிநாட்டோட ஒப்பிடணும்னா வாரக் கணக்குத்தான் பொருந்தும், மத்தவங்க பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கறாங்க.

எல்லை தாண்டி வேலைக்கு வர்றவங்க இன்னொரு ஓட்டை. பாலக்காட்டுல இருந்து தினம் வாளையார் தாண்டி கோயமுத்தூருக்கு வர்றவங்களும், பனியன் கம்பெனியில இருக்கற பீகார், ஒடிசா பசங்களும் எங்க எழுதுனாலும் இந்தியாவுக்குள்ளதான், நாட்டு கணக்கு மாறாது. லக்சம்பர்க்ல பாருங்க, பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில இருந்து தினமும் ரெண்டு லட்சத்துக்கு மேல ஆளுங்க வந்துட்டு போறாங்க, அங்க வேலை பாக்கறவங்கள்ல பாதிக்கு கொஞ்சம் கம்மி. வூடு வூடா எடுக்கற சர்வேல அவங்க வரவே மாட்டாங்க. கத்தார் நேர் எதிர், 30 லட்சம் ஜனத்துல 20 லட்சத்துக்கு மேல லேபர் ஃபோர்ஸ், பெரும்பாலும் நம்மளை மாதிரி வெளிநாட்டு ஆளுங்க, அங்கயே தங்கி இருக்கறதால கணக்குல வந்துருவாங்க.

அப்புறம் இந்த ரேங்க் லிஸ்டுங்க. ஒரு நாட்டுக்கு 2017, இன்னொண்ணுக்கு 2023ன்னு கலந்து கெடக்கும், அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, யாரு படிக்கறா. உலக வங்கியில எடுத்தா ஐ.எல்.ஓ. மாடல் எஸ்டிமேட்டுன்னு அவங்களே கணிச்சு போடறது ஒண்ணு, அந்தந்த நாடு குடுத்தது ஒண்ணு, எல்லா நாட்டுக்கும் ஒரே வகையை எடுங்க. மாடல் நம்பரை அப்பப்ப பழைய வருசத்துக்கும் சேர்த்தே திருத்துவாங்க, அதனால ரெண்டு வருசம் முன்னாடி டவுன்லோடு பண்ணுன ஷீட்டோட புதுசை ஒட்ட வேண்டாம். மில்லியனை கோடியாக்கறப்ப பத்தால வகுக்கணும், 773 மில்லியன்னா 77.3 கோடி. சில நாட்டு ரிப்போர்ட்ல ஆயிரத்துல குடுத்திருப்பாங்க, அதையும் பார்த்துக்கங்க.

ஆர்டர் எங்க போகும்னு கணக்கு போடறவங்களுக்கு இந்த மொத்த நம்பர் பெருசா உதவாதுங்க. டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் ஆளு எவ்வளவுன்னு அதுல தெரியாது. ஐ.எல்.ஓ.வோட புள்ளிவிவர வெப்சைட் ஐ.எல்.ஓ.ஸ்டாட்ல தொழில்வாரியா வேலை பாக்கறவங்க எண்ணிக்கை இருக்கு, மேனுஃபாக்ச்சரிங்னு தனியா எடுங்க, கூடவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம்ங்கறதையும் எடுத்து பக்கத்துல வைங்க.